நடு வரி

பாண்டிதுரையின் பேர்ப்பலகை என் பட்டறைச் சுவரில் பதினான்கு மாதமாகச் சாய்ந்து கிடந்தது. மூன்றடி நீளமுள்ள தேக்குப் பலகை, முக்கால் இஞ்ச் கனம். முதல் வரியில் பாண்டிதுரை, நடு வரியில் கார்த்திகா, கீழே இல்லம் என்று மூன்று வரிகள். எழுத்துகள் கறுத்த ஈட்டி மரத்தில் வெட்டிப் பலகைக்குள் பதித்தவை. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் தேக்கு எங்கே முடிகிறது, ஈட்டி எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாது. அப்படி ஒரு வேலையை அதற்கு முன்னும் நான் செய்ததில்லை, பின்னும் செய்யவில்லை.

அவர் ராணுவத்தில் இருந்தார். மம்சாபுரத்துக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் புதிதாக வீடு கட்டிக்கொண்டிருந்தார். லீவில் வந்தபோது ராஜபாளையத்தில் இருக்கும் என் பட்டறையைத் தேடி வந்தார். பலகையைத் தானே தட்டிப் பார்த்து எடுத்தார். கம்ப்யூட்டர் எழுத்து மாதிரிகளைக் காட்டினேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"இதெல்லாம் பேங்க் போர்டு மாதிரி இருக்கு அண்ணாச்சி. நானே எழுதித் தாரேன். எம்பொண்டாட்டி என் கையெழுத்தைப் பாத்ததே இல்ல. எல்லாம் போன்லதான. ரெஜிஸ்தர் ஆபீஸ்ல போட்ட கையெழுத்து மட்டும்தான் பாத்திருக்கா. அதுலயும் பயத்துல கை நடுங்கிருச்சு."

"சண்டைக்குப் போற ஆளுக்கு ரெஜிஸ்தர் ஆபீஸ்ல பயமா?"

"எங்கம்மாவ நீங்க பாத்ததில்லையே அண்ணாச்சி" என்று சிரித்தார்.

ஒரு தாளை வாங்கி, என் மேசையில் குனிந்து எழுதினார். மனைவி பெயர் அவர் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. சரிசெய்யவா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

அந்தத் தாளைப் பெரிதாக்கி அச்சு வெட்டினேன். இந்த வேலையில் அச்சுதான் எல்லாம். மரத்தைக் குடைகிற ரூட்டர் மெஷினின் அடியில், பிட்டைச் சுற்றிப் பித்தளையில் ஒரு புஷ் இருக்கும். அது அச்சின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே ஓடும். புஷ்ஷின் மேல் போட்டுக் கழற்றுகிற மாதிரி ஒரு வளையம் உண்டு. வளையம் போட்டு ஓட்டினால் பலகையில் குழி விழும். வளையத்தைக் கழற்றிவிட்டு, அதே அச்சை ஈட்டி மரத்தில் வைத்து ஓட்டினால் அந்தக் குழிக்கு அச்சாகப் பொருந்துகிற எழுத்து கிடைக்கும். குழி வெட்டும்போது கை கொஞ்சம் உள்ளே விலகினாலும் மோசமில்லை, எப்படியும் தூளாகப் போகிற மரம்தான். எழுத்தை வெட்டும்போது ஒரு நூல் விலகினாலும் எழுத்து கெட்டுவிடும். வெளிச்சுவரில் மாட்டுகிற பலகை என்பதால் எழுத்துகளை ஆறு மில்லி ஆழத்துக்கு இறக்கினேன். கார்த்திகாவின் பெயரில் மட்டும் இரண்டு எழுத்துகள் கெட்டுப்போய்த் திரும்ப வெட்டினேன். மூலைகளைக் கத்தியால் சீவிப் பொருத்தியது என் மனைவி பொன்மணி. அவளுக்குத்தான் அந்தப் பொறுமை உண்டு.

பலகை முடிந்த மாதத்தில், வடக்கே ஏதோ மலைப்பாதையில் ராணுவ லாரி ஒன்று பள்ளத்தில் விழுந்தது. பாண்டிதுரை வந்த பெட்டியை யாரும் திறந்து பார்க்கவில்லை என்று சொன்னார்கள்.

வருஷத் திதி முடிந்தபின் அவருடைய அண்ணன் பாண்டிச்செல்வம் வந்தார். விவசாயம் பார்க்கிறவர், நிதானமான ஆள். பலகையைப் பார்த்ததும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பில்லை. பிறகு நடு வரியின் மேல் கையை வைத்தார்.

"அண்ணாச்சி, இதை மட்டும் எடுத்துரணும்."

எனக்குப் புரிய நேரமானது. அவரே விளக்கினார்.

"அம்மாவும் நாங்களும் அந்த வீட்டுக்குத்தான் குடி போறோம். தாலி அறுத்தவ பேரு நிலைக்கு மேல இருக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லுதாக. நுழையும்போதே அது கண்ணுல பட்டா வீடு வெளங்காதாம். தம்பி பேரு இருக்கட்டும். அவ பேரு வேண்டாம்."

"புதுப் பலகை ஒண்ணு செஞ்சு தாரேனே."

"இது தம்பி கைபட்ட பலகை. அம்மாவுக்கு இதுதான் வேணும்."

பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். மறுநாள் காலையில் கார்த்திகாவே வந்தாள். முப்பது வயது இருக்கும். ஆறு வயதுப் பெண்பிள்ளையைக் கையில் பிடித்திருந்தாள். நேராகப் பலகை முன்னால் போய் நின்றாள். பிள்ளை ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுப் படித்தது.

"இது அவரு எழுத்தாண்ணே?"

"ஆமாம்மா. இங்க உக்காந்துதான் எழுதினாரு."

பட்டறையின் தகரக் கூரை வெயிலில் நெளிகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கணக்கு ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

"எடுத்துருங்கண்ணே. சொந்தக்காரங்க முன்னால பேசியாச்சு. பேரை எடுத்துட்டா மாடி ரூம்ல நானும் பிள்ளையும் இருந்துக்கலாம்னு அத்தை ஒத்துக்கிட்டாக. நான்தான் அந்த அளவுக்காவது கெஞ்சி வாங்கியிருக்கேன். நீங்க மாட்டேன்னு சொன்னதா மூத்தவரு சொல்லுதாரு."

"மாட்டேன்னு சொல்லல. யோசிக்கேன்னுதான்…"

"யோசிக்காதீங்க. எங்கண்ணன் வீடு ஒத்த ரூம். அதுல அஞ்சு பேரு. பேரு என்னண்ணே பேரு, எனக்கு ரூம்தான் வேணும்."

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"அந்த எழுத்தை ஒடையாம எடுக்க முடியுமா?"

"முடியாது. பசை போட்டு ஒட்டுனது. மெஷின் ஓட்டினா தூளாத்தான் வரும்."

"சரி" என்றாள்.

வேலை எளியதுதான். நடு வரி முழுவதையும் மூடுகிற அளவில் ஒரு குழி, அதே அச்சில் வெட்டிய தேக்குத் தகடு ஒன்று. தகட்டின் முனைகளை நேராக வெட்டினால் ஒட்டு தெரிந்துவிடும். இரண்டு முனைகளையும் இலை போலக் கூம்பலாக வைத்தால் இணைப்பு மரத்தின் ரேகையோடு ரேகையாகப் போய்விடும். அப்படி ஒரு அச்சு வெட்டினேன். பழைய மரம் ஒன்றிலிருந்து ரேகை ஒத்துப்போகிற தகடு எடுத்தேன். பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, அச்சைப் பொருத்தி, வளையத்தை மாட்டினேன். இனி ஆழம் வைக்க வேண்டும். எழுத்து ஆறு மில்லி. முழுதும் போக வேண்டுமானால் ஏழு.

நான் மூன்றில் வைத்தேன்.

அந்த நேரத்தில் எனக்குள் என்ன ஓடியது என்று பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு நான் எனக்குச் சொல்லிக்கொண்டது: பாவம், புருஷன் எழுதிய பெயர். மேலே மூடிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பலகைக்குள் அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். அவளுக்குக்கூடச் சொல்ல வேண்டாம். இப்படி நினைத்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்கிறவனுக்கு வருகிற லேசு.

பிட் ஈட்டியைத் தொட்டதும் சத்தம் மாறியது. கறுப்புத் தூள் பறந்தது. மூன்று மில்லி போனதும் நிறுத்தி ஊதிப் பார்த்தேன். மேல்தோல் போய், கார்த்திகா என்ற பெயர் இன்னும் கறுப்பாக, இன்னும் தெளிவாகக் கிடந்தது.

பொன்மணி காபி கொண்டுவந்தாள். குழியைப் பார்த்தாள். ஆழம் வைக்கிற திருகையும் பார்த்தாள்.

"இன்னும் இருக்கே."

"இருக்கட்டும்."

"எடுக்கணும்னுதான சொன்னாக?"

"மேல தகடு வந்துரும். தெரியாது."

"தெரியாதுன்னா எதுக்கு வைக்கீக? தெரியும்னா எதுக்கு மறைக்கீக?"

"ஒனக்கு வெளங்காது. நீ போ, ஏட்டி."

"ஆமா, எனக்கு எது வெளங்குச்சு. மூலை சீவ மட்டும் நான் வேணும்" என்றாள். போகவில்லை. டம்ளரை வைத்துவிட்டுச் செத்த நேரம் நின்றாள். "அந்தப் பிள்ளை வந்து, தூளாப் போகும்னு தெரிஞ்சு, சரின்னு சொல்லிட்டுப் போயிருக்கா. அதுக்கு அவ மனசை எம்புட்டுக் கல்லாக்கியிருப்பா. நீங்க என்னடான்னா நடுவுல பூந்து பாவம் பாக்கீக."

நான் பதில் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பழக்கம். பதில் இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒரே மாதிரி இருந்துவிடுவேன். பசை தடவித் தகட்டை இறக்கினேன். ஒட்டே தெரியவில்லை. பாலீஷ் ஏறியதும் எனக்கே எது தகடு என்று விரலால் தேட வேண்டியிருந்தது.

ஆவணியில் பால் காய்ச்சினார்கள். நானே போய்ப் பலகையை நிலைக்கு மேலே மாட்டினேன். பாண்டிதுரையின் தாய் வெள்ளத்தாயை அன்றுதான் நேரில் பார்த்தேன். புருஷன் உக்கிரபாண்டி செத்து இருபது வருஷம் ஆகிறது. இரண்டு பையன்களையும் ஒற்றையாக வளர்த்து ஆளாக்கியவள் என்று சொன்னார்கள். அண்ணாந்து பலகையைப் பார்த்தாள். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவில் வெறும் தேக்கு.

"சுத்தமா எடுத்துட்டீரா?"

"எடுத்தாச்சும்மா."

"நல்ல வேலைக்காரரு" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னாள்.

கார்த்திகா மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். பால் காய்ச்சுகிற இடத்துக்கு அவள் வரவில்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். எனக்கு அந்தத் தலையசைப்பு போதவில்லை; என் இரகசியம் அவளுக்குத் தெரிந்தால் எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டே ராஜபாளையம் வந்து சேர்ந்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த வருஷம் மலையில் மேகம் இறங்கிவிட்டால் மூன்று நாள், நான்கு நாள் என்று விடாமல் பெய்தது. மரம் ஈரம் குடித்தால் உப்பும். தேக்கு ஒரு அளவு உப்பும், ஈட்டி வேறு அளவு. நடுவில் பசையும் பழைய பாலீஷும். எல்லாவற்றுக்கும் மேலே மூன்று மில்லி தகடு. இருபத்தைந்து வருஷமாக இந்த வேலை செய்கிறவனுக்கு இது தெரியாதா என்று கேட்டால், தெரியும். அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டியதில்லை.

மழைக்கு நடுவில் வெள்ளத்தாய்க்கு வாதம் வந்தது. இடது கை விழுந்து, வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உறவில் யாரோ குறி கேட்கப் போயிருக்கிறார்கள். வீட்டுக்குள் ஏதோ மூடி வைத்திருக்கிறது என்று குறியில் வந்ததாம். குறி சொல்கிறவர்கள் எல்லா வீட்டுக்கும் சொல்வதுதான் அது. ஆனால் அடுத்த நாள் காலையில் பாண்டிச்செல்வத்தின் மனைவி ஆனந்தவல்லி வாசல் தெளிக்க வந்தவள், சாய்ந்த வெயிலில் பலகையைப் பார்த்துவிட்டாள். வெறும் தேக்காக இருந்த இடத்தில், தோலுக்கு அடியில் நரம்பு எழும்புகிற மாதிரி, எழுத்துகள் எழும்பி நின்றன.

எனக்குப் போன் வந்தபோது பாண்டிச்செல்வத்தின் குரல் எப்போதும் போல நிதானமாகவே இருந்தது. "செத்த வந்துட்டுப் போங்க அண்ணாச்சி" என்றார்.

கூடத்தின் நடுவில் பலகையைக் கிடத்தியிருந்தார்கள். உளி போட்டுத் தகட்டைப் பெயர்த்திருந்தார்கள். சிராய்ச் சிராயாகக் கிழிந்த தேக்குக்கு நடுவில் அந்தப் பெயர். சுற்றிலும் நாலு எலுமிச்சம்பழம், குங்குமம். மம்சாபுரத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். கட்டிலில் வெள்ளத்தாய். கார்த்திகா மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தாள் போல.

"எடுக்கச் சொன்னோமா இல்லையா அண்ணாச்சி?"

"சொன்னீங்க."

"எடுத்தாச்சுன்னு அம்மாகிட்ட சொன்னீகளா இல்லையா?"

"சொன்னேன்."

"அவ சொல்லித்தான செஞ்சீக? உள்ளதைச் சொல்லிருங்க. உங்க மேல எங்களுக்குக் கோவமில்ல. நீங்க கூலிக்கு வேலை பாக்குறவரு."

எனக்கு ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். நான் கார்த்திகாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. நான் என்ன செய்தேன் என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை, அவ்வளவுதான். பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல தம்பி. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமே தெரியாது. நானாத்தான் செஞ்சேன்."

உண்மையைச் சொல்லிவிட்டேன், இதோடு முடிந்தது என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனந்தவல்லி கட்டிலுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"எதுக்கு?"

நான் அவளைப் பார்த்தேன்.

"நீங்களா செஞ்சீகன்னா எதுக்குச் செஞ்சீக? அடுத்த வீட்டுப் பொம்பள பேரை, யாருக்கும் தெரியாம ஒரு ஆம்பள எதுக்கு ஒளிச்சு வைக்கான்? அவ பேரு மேல உங்களுக்கு என்ன அம்புட்டு அக்கறை?"

ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர் மெல்லச் சிரித்த மாதிரி இருந்தது. கார்த்திகாவின் முகம் அப்போதுதான் மாறியது.

பாவம் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல் அந்தக் கூடத்தில் எப்படிக் கேட்கும் என்று தெரிந்தது. அதோடு, அது உண்மையில்லை என்பதும் அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. பலகையைப் பார்த்தபடி நின்றேன். நான் கெடுத்துத் திரும்ப வெட்டிய எழுத்துகள். மயிரிழை இடைவெளி இல்லாமல் இறங்கிய எழுத்துகள். அவற்றை என் கையாலேயே தூளாக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். கார்த்திகா என்றில்லை, அங்கே எந்தப் பெயர் இருந்திருந்தாலும் நான் மூன்று மில்லியில்தான் நிறுத்தியிருப்பேன். இதை எப்படிச் சொல்வது? ஒரு பெண்ணின் தலைக்கு மேலிருக்கும் கூரையைவிட என் வேலை எனக்குப் பெரிதாகப் போய்விட்டது என்று எட்டுப் பேர் முன்னால் எந்த வார்த்தையில் சொல்வது?

"சொல்லுங்கண்ணே" என்றாள் கார்த்திகா. "ஏதாவது சொல்லுங்க. இப்படி நிக்காதீங்க."

நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே ஒரு ஆட்டோ வந்து நின்று, ஆள் இறங்கி, திரும்பிப் போகும் அளவு நேரம்.

வெள்ளத்தாய் நல்ல கையைத் தூக்கினாள். வாய் குழறியது. சொல் வரவில்லை. விரல் மாடிப்படியைக் காட்டி, பிறகு வாசலைக் காட்டியது. அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பலகையைப் பாண்டிச்செல்வம் கண்மாய்க்கரைக்குக் கொண்டுபோய் எரித்தார். கார்த்திகா அன்று சாயங்காலமே பிள்ளையையும் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு ராஜபாளையத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். பொன்மணி கையிலிருந்த வேலையை விடாமல் கேட்டாள்.

"ஆழமா எடுத்தா பலகை வளைஞ்சிரும், அதான் கொஞ்சம் விட்டு மூடினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன்.

"முக்கால் இஞ்ச் பலகை. ஏழு மில்லி நோண்டினா வளையும்னு சொன்னா எந்த ஆசாரி இல்லம்பான்? தொழில்காரன் சொன்னா நம்பிட்டுப் போயிருப்பாக. உண்மை பேசப் போயிட்டாராம். அதையாவது முழுசாப் பேசுனீகளா? அதுலயும் பாதி." கத்தியை மேசையில் வைத்தாள். "எனக்கு ரெண்டு நொடியில தோணுது. அத்தனை நேரம் நின்னீகளே, உங்களுக்குத் தோணலையா?"

தோன்றவில்லை. இப்போதும் நான் அதை நினைத்து எழுந்து உட்காருகிறேன். பொய்கூட இல்லை அது, முக்கால்வாசி உண்மை. என் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் வாயில் தயாராக இருக்கிற பேச்சு. என் கண் எழுத்தில் இருந்ததால் அது வரவில்லை.

ஐந்து நாள் கழித்துக் கார்த்திகாவின் அண்ணன் வீட்டைத் தேடிப் போனேன். பொன்மணியையும் கூட்டிக்கொண்டு போனேன். தனியாகப் போவது சரியில்லை என்று அவள்தான் சொன்னாள். ஒரே அறை. பாய்கள் சுவரில் சுருட்டி நின்றன. கார்த்திகா வாசலுக்கு வந்து கதவைப் பின்னால் சாத்திக்கொண்டாள். உள்ளே கூப்பிடவில்லை. ஆழமாக எடுத்தால் பலகை வளையும் என்று பாண்டிச்செல்வத்திடம் சொல்லிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

அவள் தெருவைப் பார்த்தாள்.

"பிள்ளைய ஸ்ரீவில்லிபுத்தூர்லதான் ஸ்கூல்ல சேத்திருக்கேன். தெனமும் பஸ்ல கூட்டிட்டுப் போயிட்டு வாரேன். ஸ்கூல் விட்டா வாசல்ல நின்னு பெரியம்மா வீடு, பெரியம்மா வீடுங்கா" என்றாள். பிறகு, "போய்ச் சொல்லுங்கண்ணே. அன்னைக்கு பயத்துல வாய் வரலைன்னு சொல்லுங்க. நான் சொல்லி வந்ததா மட்டும் காட்டிக்காதீங்க."

பொன்மணி அவள் கையைப் பிடித்தாள். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை, திரும்பப் பிடிக்கவும் இல்லை.

மறுநாள் மடவார் வளாகத்துக்குப் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். பாண்டிச்செல்வம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். "வாங்க அண்ணாச்சி" என்று இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சொன்னேன். பலகையின் கனம், எழுத்தின் ஆழம், வளைவு, மழை ஈரம், மரம் உப்புவது எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக யாரிடமும் பேசியதில்லை. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்படியா சங்கதி" என்றார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல."

"பயத்துல வாய் வரல தம்பி. அந்தப் பிள்ளை மேல தப்பே இல்ல."

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. அவ அந்த மாதிரிப் பிள்ளை இல்ல. செய்வினை, அது இதுன்னு பொம்பளைக பேசுறது. நானெல்லாம் அதை நம்புற ஆளா?"

எனக்கு மூச்சு வந்தது. "அப்ப அவங்களை…"

"இல்ல, அது வேண்டாம்" என்றார், குரலைத் தாழ்த்தாமலே. "போனது போனதா இருக்கட்டும். மாடியில அம்மாவுக்கு ஒத்தாசைக்கு ஒரு ஆளைத் தங்க வச்சிருக்கோம். என் பெரிய மகளுக்கும் படிக்க ஒரு ரூம் வேணும். கார்த்திகாவும் அவ அண்ணன்கூட இருக்கதுதான் மரியாதை. எப்படி இருந்தாலும் ஒரு நாள் நடக்க வேண்டியதுதான." உள்ளே திரும்பி, "ஏட்டி, அண்ணாச்சிக்குக் காபி கொண்டா" என்றார்.

ஆனந்தவல்லி காபி கொண்டுவந்தாள். சிரித்துக்கொண்டே கொடுத்தாள். அன்று அப்படிக் கேட்டவள் என்ற அடையாளமே முகத்தில் இல்லை. மாடியில் யாரோ கட்டிலை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

நான் காபியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு நான் கொடுத்த விளக்கமும் தேவைப்படவில்லை, கொடுக்காத விளக்கமும் தேவைப்பட்டிருக்கவில்லை. ஒரு சாக்கு மட்டும் தேவைப்பட்டது. அதை மூன்று மில்லி தேக்கால் மூடி, பாலீஷ் போட்டு, நானே கொண்டுவந்து அவர்கள் வாசலில் மாட்டிக் கொடுத்திருந்தேன்.

"வந்ததுதான் வந்தீக" என்றார் பாண்டிச்செல்வம். "நிலைக்கு மேல வெறும் சுவரா இருக்கு, பாக்க நல்லா இல்ல. அதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க. அந்த ஈட்டி எழுத்து வேலை எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சு."

"என்ன பேரு?"

"அம்மா பேரு. வெள்ளத்தாய் இல்லம்."

நான் அவரைப் பார்த்தேன். உக்கிரபாண்டி செத்து இருபது வருஷம் ஆகியிருந்தது. பாண்டிச்செல்வம் கண் இமைக்காமல் என்னைப் பார்த்தார்.

"அம்மா பேரா?"

"ஆமா. ஏன்?"

கட்டிலிலிருந்து வெள்ளத்தாய் ஏதோ கேட்டாள். சொல் புரியவில்லை. ஆனந்தவல்லி உள்ளே போய், அவள் காதருகே குனிந்து, "ஒங்க பேரு போடப் போறாக அத்தை, ஒங்க பேரு" என்று உரக்கச் சொன்னாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

பாண்டிச்செல்வம் எழுந்து போய் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து நிலைக்கு முன்னால் போட்டார். ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பார்த்தார். நான் காபியைக் கீழே வைத்தேன். ஏறி நின்று, நிலைக்கு மேலே பழைய ஆணித் துளைகளுக்கு இடையில் டேப்பை வைத்தேன். மூன்றடி. அவர் கீழே நின்று, சொல்லுங்க, சொல்லுங்க என்று அளவை எழுதிக்கொண்டார்.